எந்த கேம் விளையாடத் தகுந்தது?

வீட்டிற்குப் புதிய கம்ப்யூட்டர் வந்தவுடன் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன கேம் இருக்கிறது?" என்பதுதான். பெற்றோரிடமிருந்து இதற்கு இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. ஒன்று, "கேம் எல்லாம் வேண்டாம், படிப்பு கெட்டுப் போகும்" என்பது. இன்னொன்று, "எதையோ போட்டு விளையாடு, என்னைத் தொந்தரவு செய்யாதே" என்பது. பல வருடங்களாக கேம் விளையாடி வருபவன் என்ற முறையில் எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

எல்லா சினிமாவும் நல்ல சினிமா இல்லை. அதற்காக சினிமாவே கூடாது என்று சொல்கிறோமா? கேம்ஸும் அப்படித்தான். நல்லவை இருக்கின்றன, சுமாரானவை இருக்கின்றன, நம் நேரத்தையும் பர்ஸையும் குறி வைத்தே தயாரிக்கப்பட்டவையும் இருக்கின்றன. இவற்றை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பது பற்றி என் கருத்துகளை இங்கே தருகிறேன்.

கிராபிக்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் நண்பர்கள் முதலில் சொல்வது, "தனியாக கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் கேம் விளையாட முடியாது" என்பதுதான். இதில் பாதி மட்டுமே உண்மை. 2019ல் பிசிக்கு வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேமிற்கு ஹார்ட் டிஸ்கில் 150 ஜிபி இடம் வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். அது அருமையான கேம், மறுக்கவில்லை. ஆனால் அதற்காகவே கம்ப்யூட்டர் விலையில் பாதியை மீண்டும் செலவு செய்ய வேண்டுமா என்று யோசியுங்கள்.

டெட்ரிஸ் கேமை எடுத்துக் கொள்ளுங்கள். 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜிட்நோவ் என்பவர் இதை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய எலக்ட்ரானிகா 60 என்ற கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் வசதியே கிடையாது. கீபோர்டில் உள்ள அடைப்புக் குறிகளைக் கொண்டே கட்டங்களை வரைந்தார். மேலிருந்து விழுபவை ஏழே ஏழு வடிவங்கள். நாற்பது ஆண்டுகள் தாண்டியும் உலகம் முழுவதும் விளையாடுகிறார்கள்.

எனவே ஒரு கேமின் தரத்தை அதன் படங்களை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் எந்தப் புதிய கேமை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத்தான் கேட்டுப் பார்ப்பேன்.

கேள்வி 1: தோற்றால் யார் காரணம்?

நல்ல கேமில் நாம் தோற்கும்போது, "அட, இங்கே தவறு செய்துவிட்டேன், அடுத்த முறை பார்க்கிறேன்" என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றினால் நாம் ஏதோ கற்றுக் கொள்கிறோம் என்று பொருள்.

இதற்கு நல்ல உதாரணம், 1989ல் வந்த பிரின்ஸ் ஆப் பெர்சியா. ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்து இதை உருவாக்கினார். அறுபது நிமிடங்களுக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். முள் குழியில் விழுந்தால் அது நம் கணிப்பின் தவறு. கேமைக் குறை சொல்ல முடியாது. பத்து முறை விழுந்தவர் பதினோராவது முறை தாண்டிவிடுவார். அந்த மகிழ்ச்சியை யாரும் காசு கொடுத்து வாங்க முடியாது.

இன்று பல இலவச கேம்களில் அதைக் காசு கொடுத்து வாங்கலாம்! நீங்கள் தோற்பது திறமைக் குறைவால் அல்ல. எதிராளி பணம் கட்டி பலமான ஆயுதம் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். இத்தகைய கேமில் நூறு மணி நேரம் செலவழித்தாலும் கற்றுக் கொள்ள எதுவும் இருக்காது.

கேள்வி 2: எழுந்து போக விடுகிறதா?

ஒரு நல்ல கேம் முடியும், அல்லது விரும்பிய இடத்தில் சேவ் செய்துவிட்டு சாப்பிடப் போக விடும். மாறாக, "இன்று வராவிட்டால் உன் பரிசு போய்விடும்", "இன்னும் அரை மணி நேரம் கழித்து வா" என்று நம்மை வேலைக்காரன் போல் வரவழைக்கும் கேம்கள் இருக்கின்றன. 2012ல் வந்த கேண்டி க்ரஷ் சாகா பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். அதில் ஐந்து உயிர்கள். தீர்ந்துவிட்டால் ஓர் உயிர் திரும்பி வர முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அல்லது பணம் கொடுக்க வேண்டும். புதிர் என்ற அளவில் அது மோசமானது அல்ல. ஆனால் எப்போது விளையாடுவது என்பதை நீங்கள் முடிவு செய்வதில்லை, கேம் முடிவு செய்கிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நல்ல கேம்களிலும் இந்த ஆபத்து உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். 1991ல் சித் மேயர் தொடங்கி வைத்த சிவிலைசேஷன் வரிசை கேம்களில், "இன்னும் ஒரே ஒரு முறை" என்று சொல்லிச் சொல்லியே விடிந்துவிடும். ஆனால் அங்கே எந்த இடத்திலும் சேவ் செய்துவிட்டு ஒரு மாதம் கழித்து வந்தாலும் உங்கள் ஊர்கள் அப்படியே இருக்கும். அலாரம் வைத்துக் கொண்டு உட்கார்ந்தால் போதும்.

கேள்வி 3: எத்தனை முறை பணம் கேட்கிறது?

ஒரு முறை விலை கொடுத்து வாங்கும் கேம் நேர்மையானது என்பது என் கருத்து. "இலவசம்" என்று உள்ளே அழைத்து, பிறகு ஒவ்வொரு படியிலும் கை நீட்டும் கேம்தான் கடைசியில் அதிக செலவு வைக்கும்.

இதில் மிக மோசமானது லூட் பாக்ஸ். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைப் பணம் கொடுத்துத் திறக்க வேண்டும். திருவிழாக் கடையில் சீட்டுக் கிழிப்பது போலத்தான். 2017ல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ப்ரன்ட் 2 கேமில் இந்த முறை வந்தபோது உலகம் முழுவதும் கேம் ஆடுபவர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2018ல் பெல்ஜியம் நாட்டு சூதாட்ட ஆணையம், சில கேம்களில் உள்ள லூட் பாக்ஸ் சூதாட்டச் சட்டத்திற்கு எதிரானது என்று அறிவித்தது.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி போன்றவற்றை நான் கேம் என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதில் எத்தனை குடும்பங்கள் கடனாளியாகின என்பதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

என் சிபாரிசுகள்

மேலே சொன்ன மூன்று கேள்விகளிலும் தேறியவற்றில், சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொருந்தும் ஐந்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2: ஒரே ஒரு கேம்தான் வாங்குவேன் என்பவருக்கு என் பதில் இதுதான். 1999ல் வந்தது, 2019ல் புதுப்பித்து டெபனிடிவ் எடிஷன் என்று வெளியிட்டார்கள். ஆரம்பத்தில் உங்களிடம் ஒரு நகர மையம், மூன்று கிராமத்தார், ஒரு குதிரை வீரன். அவ்வளவுதான். உணவு, மரம், தங்கம், கல் ஆகியவற்றைச் சேர்த்து ஊரை வளர்க்க வேண்டும். ஒரு கிராமத்தாரை உருவாக்க 50 உணவு. அடுத்த யுகத்திற்குச் செல்ல 500 உணவு. இருப்பதை இப்போதே செலவழிப்பதா, சேர்த்து வைப்பதா? நம் வீட்டு பட்ஜெட் கேள்வியேதான்!

புதியவர்கள் எல்லோரும் உடனே படை திரட்டப் பார்ப்பார்கள். அனுபவசாலிகள் முதலில் உழைக்கும் கைகளைப் பெருக்குவார்கள். போரிலும் கணக்கு உண்டு. குதிரைப் படையை ஈட்டி வீரர்கள் தடுப்பார்கள். ஈட்டி வீரர்களை வில்லாளிகள் வீழ்த்துவார்கள். வில்லாளிகளைக் குதிரைப் படை சிதறடிக்கும். எதிரி என்ன படை வைத்திருக்கிறான் என்று தெரியாமல் போனால் தோல்விதான். 2022ல் வந்த டைனஸ்டீஸ் ஆப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர் என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அதில் சுருள்வாள் வீசும் உருமி வீரர்கள் இருக்கிறார்கள். ராஜேந்திர சோழன் கதையையும் விளையாடலாம். தொகுப்பைத் தனியாக வாங்க வேண்டும். முதலில் மூல கேமை விளையாடிப் பார்த்துப் பிடித்தால் வாங்கினால் போதும்.

போர்ட்டல்: 2007ல் வால்வ் நிறுவனம் வெளியிட்டது. கையில் ஒரு கருவி. சுட்டால் சுவரில் ஒரு வாசல் திறக்கும். வேறு இடத்தில் சுட்டால் இன்னொரு வாசல். ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். உயரத்திலிருந்து ஒரு வாசலில் குதித்தால், அதே வேகத்தில் அடுத்த வாசலிலிருந்து பறந்து வருவீர்கள். பிசிக்ஸ் பாடத்தில் புரியாத உந்தம் இங்கே கண்ணால் பார்த்துப் புரியும். 19 அறைகள், அதன் பின் ஒரு தப்பித்தல். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

ஸ்டார்டியூ வேலி: 2016ல் வந்தது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, படம், இசை, புரோகிராம் எல்லாவற்றையும் தானே செய்தார். தாத்தாவின் பழைய நிலத்தைச் சுத்தம் செய்து பயிர் வைப்பதுதான் கதை. பழைய லேப்டாப்பில் கூட ஓடும். கேமே ஆடிப் பழகாத பெரியவர்களுக்கும் ஏற்றது.

வெண்பா: 2023ல் கனடாவின் டொரண்டோவிலிருந்து விசை கேம்ஸ் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடியேறும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மாவின் பழைய சமையல் புத்தகத்தில் பல வரிகள் அழிந்துவிட்டன. எதற்குப் பின் எது என்று யோசித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகன் வளர வளர தமிழை விட்டு விலகிப் போவதை அந்தத் தாய் பார்த்துக் கொண்டிருக்கிறாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். "இவ்வளவுதானா?" என்று சிலர் கேட்கிறார்கள். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடிந்துவிடுவதுதான் இதன் பெருமை என்பேன். 2024ல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

ஓப்பன் டிடிடி: முற்றிலும் இலவசம், விளம்பரம் கூட இல்லை. 1990களில் கிறிஸ் சாயர் உருவாக்கிய ட்ரான்ஸ்போர்ட் டைகூனை ஆர்வலர்கள் மறுபடி எழுதி வழங்கியது. கடனில் தொடங்கி, சுரங்கத்திலிருந்து மின் நிலையத்திற்கு நிலக்கரி ஏற்றி, அந்த லாபத்தில் ரயில் பாதையை நீட்டிக்க வேண்டும். மிகச் சிறிய பைல்தான். "இலவசம்" என்பதற்கு உண்மையான பொருள் தெரிய வேண்டுமானால் இதை டவுன்லோட் செய்து பாருங்கள்.

சிறுவர்களுக்குக் கொடுக்கக் கூடாதவை

2002ல் வந்த ஜிடிஏ வைஸ் சிட்டியை நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பள்ளிச் சிறுவர்கள் வரிசையில் நின்று ஆடினார்கள். திறமையாகத் தயாரிக்கப்பட்ட கேம்தான். ஆனால் அமெரிக்காவில் அதற்கு 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே தரச் சான்று தரப்பட்டது. சினிமாவிற்கு ஏ சான்றிதழ் பார்க்கும் பெற்றோர் கேமிற்கும் அதைப் பார்க்க வேண்டும். கேமின் விற்பனைப் பக்கத்திலேயே வயது வரம்பு இருக்கும்.

வாங்கும் முன் கவனிக்க

* கேமின் பக்கத்தில் "குறைந்தபட்சத் தேவை" என்ற பட்டியல் இருக்கும். அதில் உள்ள பிராசசர், ராம், கிராபிக்ஸ், டிஸ்க் இடம் ஆகியவற்றை உங்கள் கம்ப்யூட்டருடன் ஒப்பிடுங்கள்.

* ஸ்டீம் தளத்தில் வாங்கிய கேம் பிடிக்கவில்லை என்றால், 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஆடிப் பாருங்கள்.

* கோடையிலும் ஆண்டு இறுதியிலும் நல்ல தள்ளுபடி வரும். அவசரப்பட வேண்டாம்.

* "கிராக்" செய்த கேம்களை இறக்காதீர்கள். அதனுடன் வைரஸும் பாஸ்வேர்ட் திருடும் புரோகிராமும் சேர்ந்து வரலாம். மேலே சொன்ன ஓப்பன் டிடிடி போல முறையான இலவச கேம்கள் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

* பிள்ளைகள் விளையாடும் அக்கவுண்டில் உங்கள் பாங்க் கார்டைச் சேமித்து வைக்காதீர்கள்.

முடிவாக

கேம் வேண்டாம் என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் நல்லதைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்காவிட்டால், பிள்ளைகள் கண்ணில் முதலில் படுவதைத் தேர்ந்தெடுப்பார்கள். முதலில் படுவது பெரும்பாலும் அந்த "இலவச" கேம்தான். எனவே இந்த மாதம் ஒரே ஒரு கேமை மட்டும் இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு மணி நேரம் பிள்ளையுடன் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஆடுங்கள். பிறகு அந்த மூன்று கேள்விகளையும் பிள்ளையிடமே கேளுங்கள். இரண்டில் தேறாவிட்டால் அன்இன்ஸ்டால் செய்யத் தயங்காதீர்கள். ஹார்ட் டிஸ்கில் இடம் மிச்சம், உங்கள் மாலை நேரமும் மிச்சம்.