நிழலுக்கும் ஒரு பட்டா!

கிண்டிக்குச் சென்றோம். கவர்னரைக் காணவா? அல்ல, அல்ல! அவர் மாளிகையை ஒட்டிப் பரந்து கிடக்கும் கானகத்தைக் காண!

மாநகரின் நடுவே 2.7 சதுர கிலோமீட்டர் காடு! ஒருபுறம் பேருந்துகளின் பேரிரைச்சல். மறுபுறம் புள்ளிமானின் துள்ளல், வெளிமானின் விரைவு. அந்நாளில் அது துரைமார்களின் வேட்டைக்காடு. 1821இல் அரசு வாங்கி ஆளுநர் தோட்டமாக்கிற்று. பின்னர் நினைவு மண்டபங்கள் எழுந்தன. 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கும் அங்கிருந்தே நிலம் போயிற்று. கல்விக்கூடத்தை நாம் குறை கூறோம். ஆனால், 1978இல் தேசியப் பூங்கா என்ற காப்பு வந்திராவிட்டால், மிச்சமும் மிஞ்சியிருக்குமா?

அருகிலேயே பந்தயக் குதிரைகள் ஓடிய 160 ஏக்கர் திடல். 1945இல் எழுதிய 99 ஆண்டுக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய்! இன்று ஒரு குடிசைக்குக்கூட ஒரு மாத வாடகையாகுமா அந்தத் தொகை? கோமான்களின் கேளிக்கைக்கு அவ்வளவு மலிவு! 2024இல் கழக அரசு அக்குத்தகையை நீக்கி, 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்க ஆணையிட்டது. சீமானின் திடல் சாமானியனுக்கு! அதுவன்றோ நீதி!

சென்னைக்குச் சரி, நாஞ்சில் நாட்டுக்கு?

"நமக்குத்தான் மலையே இருக்கிறதே, பூங்கா எதற்கு?" என்பார் சிலர். உண்டு ஐயா, மலை உண்டு; 402 சதுர கிலோமீட்டர் சரணாலயமும் உண்டு. வடசேரிச் சந்தையில் மூட்டை இறக்கும் பாட்டாளி, பொழுது சாயுமுன் அங்கே போய்வர முடியுமா? மீன் விற்றுத் திரும்பும் தாய் எங்கே இளைப்பாறுவாள்? மலையின் அழகு கண்ணுக்கு எட்டுகிறது. அதன் நிழல் காலுக்கு எட்டவில்லையே!

தக்கலையருகே உதயகிரிக் கோட்டையைப் பாருங்கள். மார்த்தாண்ட வர்மனின் படைக்கோட்டை. டச்சுத் தளபதி டிலெனாய் துயிலும் இடம். பீரங்கி வார்த்த மண்ணிலே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா எழுந்தது. மன்னனின் மதிலுக்குள் மக்களின் மரங்கள்! கோட்டைக்குள் முடிந்தது, நாகர்கோவிலுக்குள் முடியாதா?

2019இல் நாகர்கோவில் மாநகராட்சி ஆயிற்று. பெயர் பெருத்தது; வயல் சிறுத்தது. நாற்று நட்ட இடத்தில் மனைக்கல் நடுகிறார்கள். பணக்காரர் குளிர்ச்சியைக் கடையில் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறார். ஏழைக்கு மரம் அல்லவா குளிர்பதனப் பெட்டி?

சுசீந்திரத்திலே, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காக 1926இல் அறப்போர் நடந்தது. நடக்க உரிமை பெற்ற மக்களுக்கு, நின்று இளைப்பாற உரிமை வேண்டாமா?

மாநகராட்சி எல்லைக்குள் இருக்கும் புறம்போக்கு நிலங்களைக் கணக்கெடுக்கட்டும். ஒரு பகுதியைக் காட்டுக்கென்றே ஒதுக்கட்டும். அயனி, புன்னை, மருது என நம் மண்ணின் மரங்கள் வளரட்டும். வாயிலில் கட்டணச் சீட்டு வேண்டாம். சாதி கேட்காத மரத்தடியிலே காசும் கேட்கக் கூடாது.

மனைக்குப் பட்டா உண்டு. மரத்துக்கும் ஒரு பட்டா கொடுங்கள்! கெஞ்சவில்லை, கேட்கிறோம். ஆள்வோர் எவராயினும் கேட்போம்!