குற்றம் ஆடுவோர் மீதன்று

இருபது பேர் பெயர் கொடுப்பர். பத்துப் பேர் முதற்போரில் ஈடுபடுவர். மூன்றாம் திங்களில் இருவர் மட்டுமே எஞ்சியிருப்பர். அவ்விருவருள் ஒருவர் போட்டியை அமைத்தவராகவே இருப்பார். இணையவழி நடைபெறும் மேசைப் போர்த்தொடர்களில் இஃது அடிக்கடி காணும் காட்சி.

மேசைப் போர் என்பது சிறுபிள்ளை விளையாட்டன்று. விரற்கடை உயரமுள்ள பொம்மைப் போர்வீரர்களுக்குத் தம் கையாலேயே வண்ணந்தீட்டி, மேசைமீது குன்றும் காடும் ஆறும் அமைத்து, அளவுகோலும் பகடையும் கொண்டு விதிப்படி படை நடத்தும் அறிவாட்டம் அது. தனிப்போர் ஒன்று ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அத்தகைய போர்கள் பலவற்றை ஒரே நிலப்படத்தில் கோத்து, ஒன்றன் விளைவு அடுத்ததைத் தாக்குமாறு செய்வதே போர்த்தொடர். வெவ்வேறு நகரங்களில் வாழ்வோர் தத்தம் ஊரில் போரிட்டு முடிவை இணையவழி அனுப்புவர்; அமைப்பாளர் பொதுப்படத்தில் எல்லைக்கோட்டை மாற்றி வரைவார். எனவே அனுப்புவோர் இல்லையேல் அந்த உலகமே இல்லை.

தொடர் நின்றுபோகும்போது அமைப்பாளர் கூறும் காரணம் ஒன்றே: “ஆடுவோர்க்குப் பொறுப்பில்லை.” அவர் கையாளும் மருந்துகள் இரண்டு. ஒன்று கண்டனம், மற்றொன்று பரிசு. கண்டனம் வந்தவரையும் விரட்டும். பரிசோ வெல்லக்கூடியவரை மட்டுமே ஈர்க்கும். வெல்ல வாய்ப்பில்லை என்று உணர்ந்தவருக்கு அதனால் என்ன பயன்? நான் இந்தக் குற்றச்சாட்டையே மறுக்கிறேன். தம் செயலால் ஏதேனும் மாறும் என்று நம்பும்வரை மக்கள் வருவர். மாறாது என்று கண்டபின் வாரார். இது சோம்பலன்று, தெளிவு.

வரலாற்றைப் பார்ப்போம். பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824-ஆம் ஆண்டு தம் போர்விளையாட்டு விதிகளை வெளியிட்டார். அதில் ஆடுவோர் தம் ஆணைகளை எழுதி நடுவரிடம் தருவர். நடுவரோ ஒவ்வொருவர்க்கும் அவருடைய படை காணக்கூடியதை மட்டுமே தெரிவிப்பார். தன் கீழுள்ள தலைவனிடமிருந்து செய்தி வாராவிடின் தளபதி கண்ணிழந்தவன் ஆகிறான். அங்கே எந்தச் சிறு பங்கும் வீணாவதில்லை.

எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881-82 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்தபோது, பதின்மூன்று அகவையினனான லாயிட் ஆஸ்பர்னுடன் பரண் அறையின் தரையில் நிலப்படம் வரைந்து பொம்மைப் படைகளைக் கொண்டு நெடும்போர் நடத்தினார். அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. கற்பனை நாளிதழ்களின் நடையில் அப்போரின் செய்திகளையும் எழுதினார். ஆட்டம் செய்தியானபோது தோல்வியும் கதையாயிற்று. கதையில் இடம்பெற்றவன் மறுநாள் வாராதிருப்பானா?

இங்கிலாந்தின் டோனி பாத் 1950-களின் இறுதியில் தொடங்கிய ஹைபோரியப் போர்த்தொடரும் இதற்குச் சான்று. கற்பனைக் கண்டம் ஒன்றைக் களமாகக் கொண்டு, அதன் அரசுகளை ஆடுவோரிடம் ஒப்படைத்து, அஞ்சல் வழியாகவும் அதனை நடத்தினார். போர் மட்டுமன்று, உடன்படிக்கை, பகை, அரண்மனைச் சூழ்ச்சி ஆகிய அனைத்தும் அங்கே ஆட்டத்தின் கூறுகளாயின. களத்தில் வல்லவனல்லாதவன் அரசவையில் வல்லவனாகலாம். பல ஆண்டுகள் அத்தொடர் உயிரோடிருந்தது. அதன் பட்டறிவு 1973-இல் நூலாகவும் வெளிவந்தது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2004-இல் ‘ஸ்டார்ம் ஆஃப் கேயாஸ்’ என்னும் போர்த்தொடரைக் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் நடத்தியது. பல நாட்டு ஆட்டக்காரர்கள் தம் போர்முடிவுகளை இணையவழி அனுப்பினர். உலகின் வரலாற்றை நாமே எழுதுகிறோம் என்பதே அவர்களை ஈர்த்த ஆவல். ஆனால் 2014-இல் வெளிவரத் தொடங்கிய ‘எண்ட் டைம்ஸ்’ நூல்வரிசை அந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு வேறு வழியே கதையை நடத்திச் சென்றது. கதையை மாற்றும் உரிமை உடையவர்க்கு உண்டு, மறுப்பாரில்லை. ஆயினும் உழைத்தவன் உழைப்பைத் துடைத்தெறிந்துவிட்டு, மறுமுறை அவனை அழைக்கும்போது எந்த முகத்தோடு அழைப்பது?

அவ்வாறாயின் ஆடுவோர்க்குக் கடமையே இல்லையா? உண்டு. ஆலன் கலாமர் ஆக்கிய ‘டிப்ளமசி’ என்னும் பலகை ஆட்டம் 1959-இல் வெளிவந்து, 1963 முதல் அஞ்சல் வழியாகவும் ஆடப்பட்டது. அதில் எழுவர் ஏழு வல்லரசுகளை நடத்துவர். ஒருவர் ஆணை அனுப்பத் தவறினால் அவருடைய படைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். அண்டை நாட்டுக்காரர் உழைப்பின்றி வெல்வார். அவரைத் தடுக்க முயன்ற மற்றொருவர் தம் பிழையின்றியே தோற்பார். ஆகவே வாளாவிருத்தலும் ஒரு செயலே. அது பிறரைத் தாக்கும் செயல். இதனை ஆடுவோர் உணரவேண்டும். ஆனால் உணர்த்தும் பொறுப்பு அமைப்பாளருடையது.

அமைப்பாளர் செய்யவேண்டுவது அரிதன்று. தோற்றவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பின்வாங்கும் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையோ, அடுத்த களத்தை அமைக்கும் உரிமையையோ அவனுக்கு அளிக்கவேண்டும். போரிட நேரமில்லாதவன் இரண்டு வரியில் ஆணை எழுதினாலும் அதற்கு நிலப்படத்தில் விளைவு இருக்கவேண்டும். வரமுடியாத வாரத்திற்கென முன்கூட்டியே ஆணை எழுதி வைக்க இடமளிக்கவேண்டும். வந்த அறிக்கை ஒவ்வொன்றையும் எழுதியவர் பெயரோடு வெளியிடவேண்டும். இடையில் வருபவனுக்கும் ஒரு கோட்டை, ஒரு பாலம், ஒரு சிற்றூர் காத்திருக்கவேண்டும். முடிவுநாள் முதல்நாளிலேயே அறிவிக்கப்படவேண்டும். கரை தெரியாத கடலில் எவர்தாம் நீந்துவர்?

“தோற்றவனுக்கும் பயன் என்றால் வெற்றிக்கு ஏது மதிப்பு?” என்று சிலர் வினவலாம். எதிர்த்து நிற்க ஆளே இல்லாத களத்தில் நாட்டிய கொடிக்கு என்ன மதிப்பு என்பதே என் மறுவினா. தோற்றவன் மீண்டும் வரும்போதுதான் வென்றவன் வென்றவனாக இருக்கிறான்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதனோடு என்ன தொடர்பு என்று எண்ணவேண்டா. நிலப்படம் படித்தல், ஆணையைச் சுருக்கமாக எழுதுதல், நிகழ்ந்ததைப் பிழையின்றி அறிவித்தல் ஆகியவை மொழிப்பயிற்சியே அன்றோ? அதனினும் பெரிது ஒன்றுண்டு. வகுப்பில் எப்போதும் அதே மூன்று கைகளே உயர்கின்றன. நம் இலக்கியக் கூட்டங்களில் எப்போதும் அதே பத்து முகங்களே தெரிகின்றன. நாமும் வாராதவரை நொந்துகொள்கிறோம். உயராத கைகளுள் ஒன்று முன்னொரு நாள் உயர்ந்து, தவறான விடை சொல்லி, அதன்பின் எவராலும் பொருட்படுத்தப்படாமல் தாழ்ந்ததை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

தேர் இழுக்க வந்தவன் கையில் வடம் இருக்கவேண்டும். வடத்தை நாமே பற்றிக்கொண்டு, ஊர் கூடவில்லை என்று குறைகூறுவதில் நேர்மையில்லை. ஆடுவோரைப் பழிப்பதை நிறுத்துவோம். அவர்கள் செய்வது நிலைக்கும் என்னும் உறுதியை முதலில் அளிப்போம், பிறகு அழைப்போம்.