டேம்பர் மாட்டினா ஆட்டம் தீருமா?

நாம ஊருக்கு அனுப்புற காசுல பெரிய டயர் வருது, ஜீப் அரை அடி உயருது. கிங் பின் பேரிங் மாத்தத்தான் யாருக்கும் மனசு வரமாட்டேங்குது. லீவுல மூணாறு, நெல்லியாம்பதின்னு ஜீப் ஏறப்போற எல்லாருக்கும் சேர்த்தே சொல்றேன்.

உயர்த்தின ஜீப்புல ஸ்டீரிங் ஆடினா, "டேம்பர் போட்டுக்கலாம் சார்"னு சுலபமா சொல்லிடறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். டேம்பர் ஆட்டத்தை அமுக்கும், காரணத்தைத் தீர்க்காது. சொத்தைப் பல்லுக்குக் கிராம்பு வைக்கிற கதைதான்.

"2019-ல அமெரிக்காவுல புது ரேங்ளருக்குக் கம்பெனியே டேம்பர் மாத்திக் கொடுத்துச்சே?"ன்னு கேப்பீங்க. கொடுத்தாங்க. அதெல்லாம் புது வண்டி. நம்ம மலையில ஓடறது பெரும்பாலும் மூட்டு தேஞ்ச பழைய மஹிந்திரா.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குக் கல்லுமேல ஊர்ந்து ஏறும்போது இந்த நோய் தெரியாது. வேகமே இல்லையே! ஆனா அந்தக் கல்லுதான் மூட்டையெல்லாம் தேய்க்குது. அகலமாக்கின போடிமெட்டு ரோட்டுல அறுபதைத் தொட்டு ஒரு பள்ளத்துல இறங்கினா, முன்வீல் ரெண்டும் பேயாட்டம் ஆடும். பின் சீட்டுல நம்ம பிள்ளைங்க.

கண்டுபிடிக்க ரெண்டு ஆள் போதும். முதல்ல காத்து, வீல் பேலன்ஸ், ரிம் கோணல் பாருங்க. ஒருத்தர் ஸ்டீரிங்கை இப்படி அப்படி அசைக்க, இன்னொருத்தர் கீழே டை ராட் எண்ட், ஷாக்கிள் புஷ், ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட்டைக் கவனிக்கட்டும். அப்புறம் ஜாக்கி வெச்சு வீலை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. ஆடுதா? பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங். நிக்கலேன்னா கிங் பின்.

இதெல்லாம் சரியா இருந்தா கேஸ்டர் பாருங்க. கிங் பின் மேல்முனை கொஞ்சம் பின்னால சாய்ஞ்சிருக்கறதாலதான், சைக்கிள் ஃபோர்க் மாதிரி, வீல் தானா நேராகுது. உயர்த்தும்போது அந்தச் சாய்வு குறைஞ்சா வீல் அலையும். ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஷிம் வெச்சு சாய்வைத் திருப்பிக் கொண்டு வரலாம்.

இன்னும் சுலபமான வைத்தியம், வண்டியைப் பழையபடி இறக்கிடறது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் சொன்னது கேரளா வழக்குலதான்.

ஓடும்போதே ஆட ஆரம்பிச்சா பிரேக்கை ஓங்கி மிதிக்காதீங்க. ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீரிங்கைக் கெட்டியா பிடிச்சு, மெதுவா வேகம் குறைங்க.

அடுத்த தடவை மச்சான் டேம்பருக்குக் காசு கேட்டா, "ஜாக்கி வெச்சுப் பார்த்தியா?"ன்னு கேளுங்க. பார்த்திருந்தா, பேரிங்குக்கும் சேர்த்தே அனுப்புங்க.