டிராக்டர் பிரேக்கும் உடையவர் பொறுப்பும்

சிவகங்கை ஜில்லா பெரும்பாலும் சமதரை. மலைப்பாதையில் பாரவண்டி இறக்கும் கவலை இங்குள்ள விவசாயிகளுக்கு இல்லை. அதனாற்போலும், என்ஜினுக்கும் டயருக்கும் தாராளமாய்ச் செலவிடும் நிலச்சுவான்தார்களுங்கூட, பிரேக்கை மட்டும் அறுவடை முடியட்டுமென்று ஒத்திவைக்கின்றனர். இவ்வழக்கம் பெருந்தவறு. கண்மாய்க் கரைகளுக்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு. மடைப் பாலங்களோ குறுகியவை. திருப்புவனம், மானாமதுரைப் பக்கங்களில் வயலைவிட்டுப் புறப்படும் டிராக்டர் சிறிது நேரத்தில் மதுரை-பரமக்குடி நால்வழிச் சாலையை அடைந்துவிடுகிறது. பின்னால் நெல்மூட்டை ஏற்றிய டிரெய்லர். அதன்மேல் அறுப்புக்கு வந்த ஆட்கள்.

டிராக்டர் பிரேக்கின் கோளாறுகளுட் பெரும்பாலானவை வயலிலேயே உற்பத்தியாகின்றன. மற்ற மோட்டார் வண்டிகளுக்கில்லாத விசேஷமாக, இதன் இரு பின்சக்கரங்களுக்கும் தனித்தனி பிரேக் மிதிகள் உண்டு. வரப்போரத்தில் சுருக்கமாய்த் திரும்புவதற்கு ஒரு மிதியை மட்டும் அழுத்துவது ஓட்டுபவரின் வழக்கம். எப்பொழுதும் ஒரே பக்கமாய்த் திரும்பி உழுதால் அப்பக்கத்து லைனிங் சீக்கிரம் தேய்கிறது. சாலைக்கு வரும்பொழுது இரு மிதிகளையும் கொக்கியால் பிணைத்தாக வேண்டும். பிணையாமல் வேகமாய்ச் செல்லுங்கால் ஒரு மிதி மட்டும் அழுந்திற்றாயின் வண்டி சட்டென்று திரும்பிக் கவிழும். பிணைத்திருந்தும் தேய்வு சமமில்லையாயின் வண்டி ஒரு பக்கமாய் இழுக்கும். இழுக்கும் பக்கத்தையே குறைசொல்லி அதைத் தளர்த்துவோர் பலர். பெரும்பாலும் அந்தப் பக்கம் நன்றாய்ப் பிடிக்கிறது, குற்றம் மறுபக்கத்தினது. ஆளில்லாத சமமான களத்தில், மிதிகளைப் பிணைத்து, மெதுவாய் ஓட்டி அழுத்திப் பார்த்தால் இது விளங்கிவிடும். இரு மிதிகளின் வெற்றோட்டமும் கம்பெனிப் புத்தகத்திற் சொன்ன அளவில் சமமாயிருக்கும்படி கம்பிகளைத் திருத்துவது சிறிது நேர வேலையே.

திருத்திய பின்னும் ஒரு பக்கம் பிடிக்கவில்லையெனில், அச்சின் ஆயில் சீல் கெட்டு எண்ணெய் லைனிங்கில் ஊறியிருக்கலாம். அதை மண்ணெண்ணெயிற் கழுவி மறுபடியும் பூட்டுவது சிக்கனமன்று. ஊறிய எண்ணெய் சூடேறியதும் மீண்டும் கசியும். சீலையும் லைனிங்கையும் சேர்த்தே மாற்றல் வேண்டும். பழைய லைனிங்குகளிற் கல்நார் கலந்திருப்பதுண்டாதலால், டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதுதல் கூடாது. ஈரத்துணியால் துடைத்தலே நலம்.

தொளியுழவு முடிந்து கரையேறும் வண்டியின் பிரேக், உலர்ந்த வகையினதாயின், ஈரத்தாற் சிறிது நேரம் வழுக்கும். மெதுவாய் ஓட்டிக்கொண்டே பலமுறை லேசாய் மிதித்தால் உலரும். உள்ளே புகுந்த சேறு காய்ந்து மணலாகி டிரம்மை அராவிவிடுமாதலின், உழவுப் பருவம் கழிந்ததும் திறந்து சுத்தம் செய்வது அவசியம். எண்ணெயில் மூழ்கிய பிரேக்குள்ள வண்டிகளுக்கு இத்தொல்லை குறைவு. ஆயினும் அவற்றில் மலிவான வேறு எண்ணெயை ஊற்றினால் பிரேக் கூச்சலிடும், பிடிப்பும் தளரும்.

சில வண்டிகளில் பிரேக் திரவ அழுத்தத்தால் இயங்குகிறது. மிதி பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிடிக்குமாயின் குழாயிற் காற்றுப் புகுந்திருத்தல் கூடும். காலை எடுக்காமல் அழுத்தியிருக்கையில் மிதி மெல்ல மெல்லத் தாழுமாயின், எங்கோ கசிவு. அன்றேல் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்தது. அவ்வண்டியைச் சாலையில் ஏற்றலாகாது. கையிற் கிடைத்த எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். சக்கரத்தின் நடுப்பாகம் தொடமுடியாதபடி சுடுமேல் பிரேக் விடாமல் உராய்கிறதென அறிக. மிதியின்மேற் காலை வைத்தே ஓட்டும் பழக்கமே பல வேளைகளில் இதற்குக் காரணம். டீசலும் வீணாகிறது.

இவையெல்லாம் சரியாயிருந்தும் டிரெய்லருக்குப் பிரேக் இல்லையேல் என்ன பயன்? பாரமேற்றிய டிரெய்லர் பல சமயங்களில் டிராக்டரைவிடக் கனமானது. வளைவில் முன்வண்டி மட்டும் நின்றால் பின்வண்டி அதைத் தள்ளி மடக்கிவிடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்திற்கூட வண்டி ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் ஓடுகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகிறது. ஆகவே டிரெய்லர் வாங்கும்பொழுதே பிரேக்குள்ளதாக வாங்கல் வேண்டும். உள்ளதைக் கழற்றிப்போடுவது அறியாமை. கரையிறக்கத்தில் கீழ்க் கியரிலேயே இறங்க வேண்டும். கிளட்சை மிதித்து வண்டியை உருளவிடுதல் ஆகாது.

பழி எப்பொழுதும் ஓட்டும் ஆளின்மேல் விழுகிறது. லைனிங் மாற்றக் காசு கேட்டவனும் அவனே, இல்லையென்ற பதிலைப் பெற்றவனும் அவனே. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவு இவ்விஷயத்திற் சரியான கண்ணோட்டமுடையது. சாதாரணக் கவனத்தாற் கண்டிருக்கக்கூடிய அபாயமான பழுதுள்ள வண்டியையோ டிரெய்லரையோ பொதுச்சாலையில் ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்ட அனுமதிப்பவரையும் அது குற்றத்திற்குள்ளாக்குகிறது. டிராக்டரை வாடகைக்கு விடும் மிராசுதார் அப்பிரிவைத் தம் ஆளுக்குமுன் தாமே அறிந்திருத்தல் தகும். கிராம அதிகாரிகளும் சம்பா அறுப்புக்குமுன், ஊர்க்களத்தில் டிராக்டர்களை டிரெய்லருடன் வரவழைத்து, உடையவர் முன்னிலையில் ஒருமுறை மிதித்துக் காட்டச் சொல்லலாம். ஒரு காலைப்பொழுது போதும்.