பதிவேட்டில் ஏறாத பருவங்கள்

குழந்தை தலை நிமிர்த்தி அசைந்தாடுவதற்கு ஒரு பருவம், கை கொட்டுவதற்கு ஒரு பருவம், முத்தம் தருவதற்கு ஒரு பருவம், தளர்நடையிட்டு வருவதற்கு ஒரு பருவம், வானத்து நிலவை விளையாட அழைப்பதற்கு ஒரு பருவம் என்று வகுத்துக்கொண்டு, பருவம் ஒன்றுக்குப் பத்துப் பாடல்களாகப் பத்துப் பருவங்களுக்கும் பாடிவைத்த பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் பிறந்த மொழியில் தொழில் செய்கிறவர்கள் நாம். தெய்வத்தையோ அரசனையோ குழந்தையாகப் பாவித்துப் பாடியவை அவை என்றாலும், அவற்றுக்குப் பொருளாக அமைந்தவை எந்த வீட்டுக் கூடத்திலும் நிகழக்கூடிய சாமானியமான காரியங்களே. ஒரு குழந்தை இரு கைகளையும் சேர்த்துத் தட்டியது பத்துப் பாட்டுக்குரிய சம்பவம் என்று அந்தக் கவிகள் கருதினார்கள். ஆனால் அப்பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, மாதக் கணக்கு ஏறக்குறையப் பிசகாமல் வரும் என்பது அந்த இலக்கியத்தின் ஏற்பாடு. ஆட்டிசம் உள்ள குழந்தையின் வீட்டிலோ அவை வரிசை மாறி வருகின்றன. சில நான்காம் வயதிலும் ஐந்தாம் வயதிலும் வருகின்றன. சில, யாரும் எதிர்பாராத உருவத்தில் வந்துவிட்டுப் போகின்றன. அப்படி வருகிற அன்று அவற்றை அடையாளம் கண்டு மகிழ்வதற்கு வீட்டில் உள்ளவர்களுக்குப் பழக்கமும் இருப்பதில்லை, துணையும் இருப்பதில்லை. அந்தத் துணையாக இருப்பது சிறப்பாசிரியர்களும் பேச்சுப் பயிற்சியாளர்களும் செயல்முறைப் பயிற்சியாளர்களும் குழந்தை மருத்துவர்களுமாகிய நம்முடைய கடமை என்பதும், அந்தக் கடமையை நம்முடைய பதிவேடுகளே மறக்கச் செய்கின்றன என்பதும் இவ்விதழில் நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

மறுமதிப்பீட்டு நாளன்று பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எப்போ பேசுவான்?" அதற்கு விடை தேடி நாம் திரும்புவது அளவுகோல்களிடம். ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய அளவுகோலில் 40 கூறுகள். கூறு ஒன்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகக் குறைந்தது 40, மிகுதி 200. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் கீழ்ச் சான்றிதழ் பெறுவதற்கு அது இன்றியமையாதது; அதன் பயனைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆனால் மதிப்பீடு முடிந்து எழுந்திருக்கும்போது, "முன்னெல்லாம் குக்கர் விசில் அடிச்சா தெருவுக்கு ஓடிடுவான் மேடம், நேத்து ஓடாம என் முந்தானையைப் புடிச்சுக்கிட்டு நின்னான்" என்று ஒரு தாய் தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, அந்த 200இல் ஒரு மதிப்பெண்ணும் அதனால் அசைவதில்லை; கேட்டவரும் தலையசைத்துவிட்டு அடுத்த குழந்தையின் கோப்பை எடுத்துக்கொள்கிறார். விசில் வரப்போகிறது என்று முன்கூட்டி அறிந்ததும், அறிந்த பின்னும் ஓடாமல் உடலை நிறுத்திக்கொண்டதும், அச்சத்துக்கு மருந்தாகக் கதவையோ கட்டிலின் அடிப்புறத்தையோ தேடாமல் ஒரு மனிதரைத் தேடியதுமாகிய மூன்று வளர்ச்சிகள் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றன என்பதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? நாம் சொல்லாவிட்டால் அவர் அடுத்த முறை அதைச் சொல்லவும் மாட்டார். சில மாதங்களில் கவனிப்பதையே விட்டுவிடவும் கூடும்.

அம்புலிப் பருவத்தைச் சற்று நின்று நோக்கலாம். நிலவைக் கையால் பிடித்துத் தர இயலாது என்பது காட்டுகிற தாய்க்குத் தெரியும். ஆயினும் காட்டுகிறாள், ஏனெனில் இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்ப்பதே அங்கே பலன். எலிசபெத் பேட்ஸும் அவருடைய சகாக்களும் 1975இல், குழந்தை ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்காகச் சுட்டுவதையும் பிறருடன் பகிர்ந்துகொள்வதற்காகச் சுட்டுவதையும் பிரித்துக் காட்டினார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு முதலாவது முந்தி வருகிறது. இரண்டாவது மிகவும் தாமதித்து வருகிறது. பிற்கால மொழி வளர்ச்சியோடு நெருங்கிய சம்பந்தம் உடையது இந்த இரண்டாவது என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் அது விரல் நீட்டித்தான் வரவேண்டும் என்பதில்லை. சுழலும் மின்விசிறியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கிற சிறுவன் ஒருநாள் விசிறியிலிருந்து கண்ணை எடுத்துத் தாத்தாவின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி விசிறிக்குத் திரும்புகிறான். சுழலும் பொருள்களில் மிகையான ஈடுபாடு என்று நம் படிவம் அந்த அரை மணியைப் பதிவு செய்துகொள்கிறது. அந்த ஒரு கணத்துக்கு அதில் கட்டம் இல்லை. தாத்தாவுக்கு அவன் காட்டிய முதல் அம்புலி அந்த விசிறி என்று நாம் கருதுகிறோம். அதைக் கண்டவுடன் அவரும் விசிறியைப் பார்த்து, அவனைப் பார்த்து, "ஆமாப்பா, சுத்துது" என்று மெல்லச் சொன்னால் போதும். சிகிச்சையும் அதுவே, கொண்டாட்டமும் அதுவே.

மெல்ல என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. புலன் உணர்வுகளில் மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை 2013இல் வெளிவந்த டி.எஸ்.எம்.-5 ஆட்டிசத்தின் கண்டறி குறிகளுள் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது. நம் வீடுகளில் சந்தோஷத்துக்கு உருவம் ஓசை. குழந்தை முதன்முறையாக 'அம்மா' என்று சொல்லியவுடன் நான்கு பேர் ஒருங்கே கைதட்டுவதும், பாட்டி வாரி எடுத்து முத்தமிடுவதும், சித்தப்பா கைப்பேசியை எடுத்துப் பிடித்துக்கொண்டு "இன்னொரு தடவை சொல்லு கண்ணா, இன்னொரே தடவை" என்று வேண்டுவதும் அன்பின் மிகுதியால் நிகழ்பவையே என்றாலும், ஓசைக்கும் தொடுகைக்கும் நடுங்குகிற குழந்தைக்கு அவை தண்டனையாக முடிகின்றன. தானாக மலர்ந்த சொல் உடனே பரீட்சையாகிவிடுகிறது. வாரக்கணக்கில் அச்சொல் திரும்பி வராமலே போவதும் உண்டு. எது ஒரு செயலை மறுபடியும் செய்யத் தூண்டுகிறதோ அதுவே வெகுமதி என்பது நம் தொழிலில் பால பாடம். ஆகையினால் இந்தக் குழந்தைக்கு எது மகிழ்ச்சி, தோளை அழுத்திப் பிடிப்பதா, போர்வைக்குள் சுருட்டிக்கொள்வதா, அவனுக்குப் பிரியமான பேருந்து எண்களை அவனோடு சேர்ந்து ஒப்பிப்பதா, அல்லது ஒன்றுமே செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதா என்பதைப் பெற்றோருடன் கலந்து முன்னதாகவே அறிந்து வைப்பது பயிற்சித் திட்டத்தின் ஓர் அங்கமாக வேண்டும். மகிழ்ச்சியில் கைகளை உதறுகிற குழந்தை தன் வழியில் ஏற்கெனவே கொண்டாடிக்கொண்டிருக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்லலாம்.

எதைக் கொண்டாடுவது என்பதிலும் விவேகம் வேண்டும். கை உதறலை அடக்கிக்கொண்டது, கண்ணோடு கண் நோக்கு என்று கட்டாயப்படுத்தி நோக்க வைத்தது, கலியாண வீட்டில் சத்தமின்றி மூன்று மணி நேரம் உட்கார்ந்தது ஆகியவற்றை நாம் வெற்றிகளாக எழுதும்போது, குழந்தை வேறு யாரோ போலத் தோற்றமளித்ததைப் புகழ்கிறோமே தவிர, அதன் அபிவிருத்தியைப் புகழவில்லை. மாறாக, தட்டை ஒதுக்கித் தள்ளியோ, பட அட்டையை எடுத்து நீட்டியோ, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலியில் ஒரு படத்தைத் தொட்டோ 'வேண்டாம்' என்று ஒரு குழந்தை தெரிவிக்குமானால், அன்றுவரை கடித்தும் தலையை மோதியும் சொல்லிவந்ததை அது மொழியால் சொல்லிவிட்டது என்று பொருள். அந்த வேண்டாமுக்கு உடனே மதிப்பளித்து உணவை அப்புறப்படுத்துவதைக் காட்டிலும் சிறந்த வெகுமதி இல்லை. குழந்தை கீழ்ப்படியவில்லை என்று வருந்துகிற பெரியவர்களுக்கு இதை விளக்குவது எளிதன்று. ஆயினும் விளக்கியே ஆக வேண்டும்.

பதிவேட்டுக்கு வருவோம். தாமஸ் கிரெசுக், ராபர்ட் ஷெர்மன் என்னும் இருவர் 1968இல் மனநலச் சேவைகளை மதிப்பிடுவதற்கு வகுத்த இலக்கு எட்டல் அளவை, பிற குழந்தைகளோடு ஒப்பிடாமல் ஒரு குழந்தையை அதனோடேயே ஒப்பிட உதவுவது; பூஜ்யம் என்பது எதிர்பார்த்த நிலை, மேலே இரண்டு படி, கீழே இரண்டு படி. முடி வெட்டிக்கொள்வதையே எடுத்துக்கொண்டால், சலூன் வாசற்படி ஏறாமல் அழுவது இன்றைய நிலையாகிய கழித்தல் இரண்டு; உள்ளே சென்று நாற்காலியில் அமர்வது கழித்தல் ஒன்று; துணியைக் கழுத்தில் சுற்ற இடம் கொடுத்து இரண்டொரு முறை கத்தரி படுவதைப் பொறுப்பது பூஜ்யம்; ஒரு பக்கம் முழுதும் வெட்டுவது கூட்டல் ஒன்று; முழுத் தலையும் முடிவது கூட்டல் இரண்டு. நாற்காலியில் அமர்ந்துவிட்டு, முடி வெட்டாமலே குழந்தை வீடு திரும்பிய நாள் குடும்பத்தின் கண்ணுக்கு வீணான நாள். இந்த அளவையிலோ அது ஒரு படி. படிகளைப் பெற்றோரே தம் வாயால் சொல்ல நாம் எழுதிக்கொள்வது உத்தமம்.

பெற்றோரின் வாய்ச்சொல் சாஸ்திரத்துக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் இத்துறையின் வரலாற்றை நோக்க வேண்டும். லியோ கான்னர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் முதல் குழந்தையின் வரலாறு, அதன் தந்தை தட்டச்சில் எழுதியனுப்பிய 33 பக்கக் கடிதத்தை ஆதாரமாகக் கொண்டது. அப்படித் தொடங்கிய துறைதான், பின்னர்த் தாயின் அன்பின்மையே நோய்க்குக் காரணம் என்ற கொடிய அபிப்பிராயத்துக்கும் இடம் கொடுத்தது. ப்ரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் அதைப் பரப்பிற்று. அதற்கு மூன்றாண்டு முன்பே, தாமே ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லண்ட் அதை மறுத்து எழுதியிருந்தும் அது அடங்கப் பல்லாண்டுகள் ஆயின. நம் ஊர்களில் அது இன்னும் அடங்கவில்லை. டிவி போட்டுக் காட்டினாய், வேலைக்குப் போனாய், பேச்சுக் கொடுக்கவில்லை என்று தாயைச் சுற்றிலும் குற்றம் சாட்டும் குரல்களே கேட்கின்றன. அப்படிப்பட்டவர் ஒரு சிறு முன்னேற்றத்தைச் சொல்லி மகிழும்போது, உண்மை நிலையை ஏற்க மறுக்கிறார் என்று நாமும் சந்தேகிப்பது அநியாயம். தாய் குழந்தையின் சைகைகளைக் கூர்ந்து கவனித்து அதற்கேற்பப் பதில் தருவதே முறையாகக் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு கலை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் மருத்துவரல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்கு இதைக் கற்பித்த ஆராய்ச்சியின் முடிவு 2016இல் வெளிவந்தபோது, பெற்றோரின் இசைவான பதில்களும், குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் அதிகரித்திருக்கக் காணப்பட்டன.

ஆதலால் நம் வாசகர்கள் தத்தம் நிலையங்களில் ஒவ்வொரு கோப்பின் முதற்பக்கத்திலும் வீட்டுச் செய்திகளுக்கென ஓர் இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். தேதி, இடம், உடன் இருந்தவர், எவ்வளவு உதவி தேவைப்பட்டது, குழந்தை அதன்பின் என்ன செய்தது என்பவற்றைப் பெற்றோர் சொன்ன சொற்களிலேயே எழுத வேண்டும்; 'முன்னேற்றம் உண்டு' என்ற வெறும் வாக்கியம் ஒருவருக்கும் உதவாது. காய்ச்சலாலோ, வீடு மாறியதாலோ, நீண்ட விடுமுறையாலோ கைவந்த திறமைகள் மறைந்துபோகும் காலம் பெரும்பாலான குடும்பங்களுக்கு வருகிறது. அப்போது எல்லாமே போயிற்று என்று வந்து உட்காரும் தாயிடம் நாம் எடுத்துப் படித்துக் காட்டக்கூடியது அந்தப் பக்கம் ஒன்றுதான். அடுத்த இதழ் முதல் அத்தகைய பதிவுகளை, பெயரும் ஊரும் நீக்கி, குடும்பத்தின் எழுத்து மூலமான சம்மதத்துடன் இங்கே வெளியிட எண்ணியுள்ளோம். பேசாத குழந்தைகளைப் பற்றிய பதிவுகள் முதலில் வரட்டும்.