ஊறுகாய் பாட்டிலோடு உலகம் சுற்றலாமா?



நம்மில் பலர் இப்போது குடும்பத்தோடும் சங்க நண்பர்களோடும் வெளிநாடு போய் வருகிறோம். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் புறப்படும்போது பெட்டியில் முதலில் ஏறுவது எது? புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஊறுகாய் பாட்டில், முறுக்கு டின். சுற்றுலா ஏற்பாடு செய்பவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியும், "மூன்று வேளையும் நம்ம சாப்பாடு உண்டா?" என்பதுதான்.

நானும் அந்தப் பெட்டியைத் தூக்கியவன்தான். நண்பர்கள் குழுவாக வியட்நாம் போயிருந்தோம். ஹோ சி மின் நகரம், அதாவது பழைய சைகோனில், முதல் இரண்டு நாளும் வேனில் ஏற்றி இந்திய ஓட்டலுக்கே அழைத்துப் போனார்கள். போக வர ஒன்றரை மணி நேரம். ஆறிப்போன சாம்பார், காய்ந்த சப்பாத்தி. நம் ஊரில் அதைப் போட்டிருந்தால் இலையை மூடிவிட்டு எழுந்திருப்போம்.

மூன்றாம் நாள் பென் தான் சந்தைக்குப் போனோம். 1914-ல் திறக்கப்பட்ட சந்தை. உள்ளேயே வரிசையாகச் சாப்பாட்டுக் கடைகள். மீன் சாற்றின் வாடை வந்ததும் எங்களில் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கடைக்கார அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜாடியை எடுத்துப் பின்னால் வைத்தார். எனக்குச் சுருக்கென்றது. நம் கடைப் பெருங்காய மூட்டையருகே ஓர் அயல்நாட்டார் நின்று மூக்கைப் பொத்தினால் நம் மனம் என்ன பாடுபடும்? அந்த அம்மாளும் நம்மைப் போலக் கல்லாவில் உட்கார்ந்து பிழைப்பவர்தானே!

அந்தச் சந்தைக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அங்கே போய்த் தொழில் செய்த தமிழர்கள் விட்டுவந்த கோயில். இன்று வியட்நாம் மக்களே ஊதுபத்தி ஏற்றி அம்மனைக் கும்பிடுகிறார்கள். நம் தெய்வத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் உணவை மட்டும் நாம் எட்டியும் பார்க்க மாட்டோம் என்பது என்ன நியாயம்?

"நாங்கள் சைவம், என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். அன்று நானும் அதைத்தான் கேட்டேன். வழிகாட்டி சொல்லிக் கொடுத்த ஒரே சொல், "சாய்". தேநீர் வேண்டுமென்று பொருள் இல்லை. அவர்கள் மொழியில் சைவ உணவுக்கு அதுதான் பெயர். பௌத்தர்கள் பலர் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். அதற்கென்றே தனிக் கடைகள் உண்டு. வெறும் கீரை, காய்கறி என்று கேட்டால் மீன் சாறு சேர்ந்து வரலாம். "சாய்" என்று சொன்னால் கவலையில்லை.

அப்படி ஒரு கடையில் "பான் செயோ" சாப்பிட்டேன். அரிசி மாவில் மஞ்சள் தூளும் தேங்காய்ப்பாலும் கலந்து, கல்லில் மெல்லிசாக ஊற்றி, உள்ளே காளானும் முளைகட்டிய பயறும் வைத்து மடித்துத் தருகிறார்கள். மாவு ஊற்றும்போது எழும் ஓசைதான் "செயோ" என்ற பெயருக்குக் காரணமாம். இலைக்கீரையில் சுருட்டி, புதினாவோடு சாப்பிட வேண்டும். நம் தோசைக்குத் தூரத்து உறவு என்றே தோன்றியது. இடியாப்பம் போன்ற "பூன்", நம் அரிசி அப்பளம் போல மூங்கில் தட்டியில் காய வைத்தெடுக்கும் அரிசித் தாள், தம்ளர் மேல் சிறு வடிகட்டி வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும் காபி, எதுவும் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

வியாபாரிக்கு இதில் லாபமும் உண்டு. உலகிலேயே அதிக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு வியட்நாம். காபி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த இடம். நம் மண்டியில் மிளகு விலை ஏறி இறங்க அந்நாட்டு விளைச்சலும் ஒரு காரணம். அந்த ஊருக்குப் போயும் அவர்கள் மிளகை ருசி பார்க்காமல் திரும்பலாமா? இளம் வாடிக்கையாளர்கள் அரிசி நூடுல்ஸ் கேட்டால், "அதெல்லாம் வராதுங்க" என்று அனுப்பிவிடுகிறோம். பெரிய கடைக்காரர்கள் அதையே அடுக்கி வைத்து விற்கிறார்கள். தின்று பார்த்த சரக்கைத்தான் தைரியமாக விற்க முடியும்.

சர்க்கரை நோயாளிகளும் வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களும் கொஞ்சம் பொடி எடுத்துப் போவதில் தவறில்லை. மற்றவர்கள் நாளுக்கு ஒரு வேளையாவது அந்த ஊர்ச் சாப்பாடு சாப்பிடுங்கள். உள்ளூர்க் கூட்டம் நிற்கிற கடையாகப் பாருங்கள். கண் முன்னே சூடாகச் செய்து தருவதை வாங்குங்கள். பிடிக்காவிட்டால் முகம் சுளிக்காமல் வைத்துவிடுங்கள்.

நம் கடைக்கு வருபவரிடம், "ஒரு வாய் ருசி பாருங்கள், பிறகு வாங்குங்கள்" என்று வெல்லத்தைக் கிள்ளிக் கொடுக்கிறோம். வெளியூரில் ஒருவர் அதையே நம்மிடம் சொல்லும்போது கையை நீட்டுவதுதான் வணிகனுக்கு அழகு.