நிறுத்திப் பார்த்த முகம்

பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சூப்பர் 8 ப்ரொஜெக்டர் வெகுகாலம் பரணில் கிடந்தது. போன ஞாயிறு இரவு, ஒடுகத்தூரில் எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் அது மறுபடி படம் காட்டியது.

இறக்கியபோது அதன் ரப்பர் பெல்ட் வெல்லப்பாகாய் இளகி ஒட்டியிருந்தது. ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே ஒரு மாலை போயிற்று. தையல் மிஷின் பெல்ட் ஒன்று பொருந்தியது. அச்சுகளுக்கும் தையல் மிஷின் எண்ணெய்தான் விட்டேன். மிஞ்சியது விளக்கு. பழையது 12 வோல்ட், 100 வாட் ஹாலஜன். புதிதாக வாங்கிப் போடலாம். ஆனால் அந்தச் சூட்டில் பிலிம் சிக்கி நின்றால் கொப்புளித்து ஓட்டையாகிவிடும். வேறு பிரதி இல்லாத குடும்பப் படம். அதனால் எல்.இ.டி. வைத்தேன்.

அதற்குத் தனி அடாப்டரும் சீரான டி.சி. கரண்டும் வேண்டும். வினாடிக்கு 18 படங்கள் நகர்கின்றன. சுழலும் ஷட்டரின் மூன்று இதழ்கள் ஒவ்வொரு படத்தையும் மும்முறை காட்டுவதால் 54 ஒளித்துடிப்புகள். விளக்கும் தன் பங்குக்குத் துடித்தால் சுவரில் படம் அலையடிக்கும்.

ஒரு துளையும் போடவில்லை. பல்பு இருந்த இடத்திலேயே தகடு வெட்டிப் பொருத்தினேன். நாளை யார் கழற்றினாலும் பெரியப்பாவின் மெஷின் பழையபடி இருக்கும். பிலிமின் ஓரத்துளையில் மாட்டி இழுக்கும் கொக்கியையும் ஷட்டரையும் தொடவே இல்லை. மெஷினின் உயிர் அவற்றில்தான் இருக்கிறது.

கை வைத்தால் பழமை கெட்டுவிடும் என்பார்கள். வடகொல்கத்தாவில் முகம்மது சலீம், தகப்பனார் விட்டுச்சென்ற கையால் சுற்றும் ப்ரொஜெக்டரில் ஒலியையும் சேர்த்து, வண்டியில் தள்ளிப்போய்த் தெருப்பிள்ளைகளுக்குப் படம் காட்டினார். அவரைப் பற்றிய 'சலீம் பாபா' (2007) குறும்படம் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரை போனது. அவர் கைவைத்ததால்தான் அந்தப் பழைய மெஷினுக்குப் பார்க்க ஆள் இருந்தது.

உங்கள் பரணிலும் சுருள் இருந்தால் முதலில் டப்பாவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அதை ப்ரொஜெக்டரில் ஓட்டாமல், டிஜிட்டலில் பதிந்துதரத் தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

எங்கள் சுருளில் வாடை இல்லை. 50 அடி, 3 நிமிடம் 20 வினாடி. உத்திரகாவேரியில் தண்ணீர் போகிறது. கரையில் பாட்டி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சட்டென்று திரும்புகிறாள். அங்கே குமிழைத் திருகி நிறுத்தினேன். பழைய பல்பு இருந்த காலத்தில் பிலிம் கருகிவிடும் என்று யாரும் நிறுத்தியதில்லை. அந்த முகம் எப்போதும் ஓடிப்போய்விடும்.

அப்பா எழுந்து சுவரருகே போனார்.

"அம்மா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்கடா. மறந்தே போயிட்டேன் பாரு."

அவர் திரும்பி வந்து உட்காரும்வரை குமிழை நான் தொடவில்லை.